காட்டினோம், பார்க்கவில்லை

எங்க பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், "ஆஸ்பத்திரில காட்டினியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போனியா, மருந்து வாங்கினியா என்பதெல்லாம் அதற்கப்புறம். நோயாளி செய்கிற வேலை காட்டுவது. டாக்டர் செய்கிற வேலை பார்ப்பது. "டாக்டர் பார்த்தாரா, இன்னா சொன்னாரு?" இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நம்ம சனத்தின் ஆஸ்பத்திரி வரலாறு கிடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. நாம் காட்டாமல் இருந்ததில்லை. கட்டை வண்டியில் வைத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறோம், தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறோம். பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

1

வல்லம் வடகால் பக்கத்தில் இருக்கிற சேரி எங்களுடையது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் சிப்காட் தெரியும், கம்பெனி தெரியும். நான் ஐந்தாவது படித்தபோது அங்கே ஏரியும் கழனியும்தான். அம்மாவுக்கு நான்காவது பிள்ளை. முதல் மூன்றையும் வீட்டிலேயே ஆயாதான் வாங்கினாள். (எங்க பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) நான்காவது குறுக்கே கிடக்கிறது என்று தடவிப் பார்த்தே ஆயா சொல்லிவிட்டாள். "இது எங் கையில ஆவாது, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்று சொன்னதும் அவள்தான். சூரியன் விழுவதற்கு முன்னாடியே கிளம்பினோம்.

ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுகிற அம்மா கேட்டார்: "எந்த ஊரு?" நைனா சொன்னார். "ஊரா, காலனியா?" நைனா அதற்கும் பதில் சொன்னார். அதன் பிறகு விடியும் வரை அம்மா வராந்தாவில் தரையில் கிடந்தாள். உள்ளே கட்டில் இல்லை என்றார்கள். டாக்டரம்மா அந்தப் பக்கமாக இரண்டு தடவை போனார். ஆயா போய்க் கும்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, புள்ள குறுக்கால கெடக்குது." "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று பதில் வந்தது. விடியற்காலையில் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இதை அழுகைக்காகச் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கதை இல்லாத வீடு எங்கள் சேரியில் இல்லை. நான் சொல்ல வந்தது கடைசியில் நடந்த ஒரு காரியம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான். நாட்டு மருத்துவச்சியிடம் இருந்து தாமதமாகக் கொண்டுவரப்பட்டது என்று அதற்கு அர்த்தம். எங்க வாத்தியார்தான் தமிழில் படித்துச் சொன்னார். ஆயா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு யாருக்கும் பிள்ளை வாங்க அவள் போகவில்லை.

வரலாறு எழுதுகிறவர்கள் ஆவணத்தைத்தான் நம்புவார்கள். ஆஸ்பத்திரியின் ஆவணம் அந்தச் சீட்டு. வராந்தாவில் கிடந்த ராத்திரி எந்தச் சீட்டிலும் இல்லை. சூரியன் விழும் முன்னே வந்தவர்கள் தாமதமாக வந்தவர்களாகிவிட்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரையை ஆவணத்திலிருந்து தொடங்காமல் வராந்தாவிலிருந்து தொடங்குகிறேன்.

2

சென்னை பெரியாஸ்பத்திரி 1664இல் கோட்டைக்குள் தொடங்கியது. கும்பெனியின் சீக்காளிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. நாட்டு சனங்களுக்கு அதன் கதவு திறக்க ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. ஏழைகளுக்கு என்று வந்தது வேறு வழியில். 1782இல் பஞ்சத்தில் வந்து விழுந்த சனத்துக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. அதை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை சனங்கள் அதைச் சொல்வது சும்மா இல்லை. வெள்ளைக்காரன் உடம்பு படையை நடத்தத் தேவை என்பதால் அதற்கு வைத்தியம். ஏழையின் உடம்பு பசித்துச் செத்துத் தெருவில் நாறக்கூடாது என்பதால் அதற்குக் கஞ்சி. இரண்டும் ஆஸ்பத்திரிதான், இரண்டும் ஒன்றல்ல.

பெண்கள் கதை இன்னும் வெளிப்படை. எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் வந்தது. ஆனால் சாதி இந்துப் பெண்களும் கோஷா முறையில் இருந்த முசல்மான் பெண்களும் பொது ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் பெரிய கவலை. மேரி ஷார்லீப் என்கிற வெள்ளைக்காரப் பெண் இந்தக் கவலையைத் தீர்க்க முன்வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் பெண் மாணவிகளில் ஒருவர் அவர். பெண்ணுக்கு டாக்டர் படிப்பா என்று உலகமே கேட்ட காலத்தில் போராடிப் படித்தவர். அதில் மாற்றுக் கருத்து கிடையாது. அவர் முயற்சியில் 1885இல் ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியது. விக்டோரியா ராணி தன் பெயரையே கொடுத்தார். வெங்கடகிரி ராஜா பணம் கொடுத்தார். சேப்பாக்கத்துக் கடற்கரைப் பக்கம் கட்டடம் எழுந்தது. இன்றைக்கு அது கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கிறது. சனங்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் முழுப்பெயர், சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி என்பது. சனங்களின் வாயில் கோஷா தங்கிவிட்டது, சாதி உதிர்ந்துபோய்விட்டது. நானும் பல வருசம் கோஷா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரில் கோஷாவுக்கு முன்னாடி இன்னொரு சொல் இருந்தது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோயிலுக்கு வெளியே நிறுத்தியது தெரியும். கிணற்றுக்கு வெளியே நிறுத்தியதும் தெரியும். பிரசவ வலியிலும் சாதி என்று பலகை எழுதி, அதைத் தருமகாரியமாகத் திறந்து வைத்ததைப் பள்ளிக்கூடப் புத்தகம் எதுவும் நமக்குச் சொல்லவில்லை.

அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர் கொண்டு வருவதற்கு என்று நிதி தொடங்கினார். 1903இல் கர்சன் சீமாட்டி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க இன்னொரு நிதி தொடங்கினார். இந்த முயற்சிகளை ஒட்டி எழுதப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிற குற்றவாளி ஒருத்திதான்: நாட்டு மருத்துவச்சி. அழுக்குக் கை, துருப்பிடித்த கத்தி, மூடநம்பிக்கை. யார் அந்த மருத்துவச்சி? பெரும்பாலும் தீண்டத்தகாதவள், இல்லையென்றால் அம்பட்டப் பெண். பிரசவம் தீட்டு, எனவே தீட்டைத் தொடத் தீட்டானவள்தான் வேண்டும். எங்க ஆயா ஊர்த் தெருவுக்கும் போய்ப் பிள்ளை வாங்கியவள். குழந்தை தலை வெளியே வரும்போது அவள் கை வேண்டும். பதினாறாம் நாள் கழித்து அதே வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார முடியாது. கூலி கொல்லைப்புறத்தில் முறத்தில் வரும்.

நோயாளி என்று போனால் அவளுக்குச் சாதி ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. வைத்தியக்காரி என்று பார்த்தால் அவள்தான் சாவுக்குக் காரணம். எங்க அம்மாவின் சீட்டில் எழுதிய அந்த ஒரு வரி அந்த டாக்டரம்மா சொந்தமாக யோசித்து எழுதியது அல்ல. நூறு வருசமாக எழுதி எழுதித் தேய்ந்த வரி அது.

நம்மிடம் வைத்தியம் இல்லாமல் இல்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். அந்தத் தொழில்தான் அவருக்குச் சோறு. அவரை எழுத்தாளராக மீட்டெடுத்த நாம், வைத்தியராக இன்னும் மீட்டெடுக்கவில்லை.

3

1929இல் கத்தியவாரில் நடந்த ஒன்றை அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு எழுத்தில் சேர்த்திருக்கிறார். ஒரு பள்ளி ஆசிரியர் காந்தியின் 'யங் இந்தியா'வுக்கு எழுதிய கடிதம் அது. அந்த வருசம் டிசம்பர் 12 இதழில் வந்தது. தீண்டப்படாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அந்த ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாளில் உடம்பு கெட்டது. டாக்டர் சேரிக்கு வர மாட்டேன் என்றார். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து, 2 ரூபாய் கட்டணத்துக்கு அவர்கள் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே வைத்துப் பார்ப்பதாக நிபந்தனை போட்டு வந்தார். பிள்ளைபெற்று இரண்டு நாளான உடம்பைச் சேரிக்கு வெளியே கொண்டு வந்தார்கள். டாக்டர் காய்ச்சல்மானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவனிடம் கொடுத்தார். கணவன் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

அந்த டாக்டர் காய்ச்சல்மானியைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கவில்லை. சிகிச்சை மறுக்கப்பட்டது என்று இதைச் சொல்ல முடியாது. கட்டணம் வாங்கினார், நோய்க்குப் பெயர் சொன்னார், மருந்தும் அனுப்பினார். சட்டத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. இன்றைக்கு நம்ம சனம் ஆஸ்பத்திரியில் படுகிற பாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. "வராதே" என்று இப்போது யாரும் சொல்வதில்லை. நாடி பிடிக்காமல், வயிற்றை அழுத்தாமல், மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சீட்டு எழுதுவார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளியான கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. கத்தியவாரின் விளக்கு அணையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

4

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்து, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 5ஆம் பிரிவு ஆஸ்பத்திரி பற்றியது. தீண்டாமை காரணமாகச் சேர்க்க மறுப்பது மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம். இரண்டாவது பாதியை நம் தோழர்களே பலர் படித்ததில்லை. தண்டனை 1 மாதத்துக்குக் குறையாமல் 6 மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. மருத்துவமனைகளிலும் மருத்துவப் பணியாளர்கள் மீதும் வன்முறை செய்வதற்கு எதிராகத் தமிழ்நாடு 2008இல் தனிச்சட்டம் போட்டது. அதில் 3 வருசத்திலிருந்து 10 வருசம் வரை சிறை. டாக்டரை, நர்சை அடிப்பது தவறுதான், தண்டிக்கட்டும். ஆனால் இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் உடம்புக்கு என்ன விலை என்று தெரிந்துவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டு வந்த திருத்தத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதைத் தடுப்பதும் வன்கொடுமை என்று சேர்த்தார்கள். வாசலில் தடுத்தால் வழக்குப் போடலாம். வராந்தாவில் விட்டுவிட்டால்?

நீதிமன்றத்தின் கதையும் இப்படித்தான். 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக, இடமில்லை வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துப் பிழைத்தார். அவசர சிகிச்சை உயிர்வாழும் உரிமையில் அடங்கும், கட்டில் இல்லை காசு இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 25,000 ரூபாய் கொடுக்கச் செய்தது. நல்ல தீர்ப்பு. அதற்கு முந்தின வருசம், 1995இல், இன்னொரு தீர்ப்பு. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரி வராது. அதாவது காசு கொடுத்தவன் நுகர்வோர். இலவசமாகப் படுத்துக் கிடப்பவன் நுகர்வோர் அல்ல. அவன் யார் என்று தீர்ப்பு சொல்லவில்லை. நமக்குத் தெரியும். அவன் கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றவனின் பேரன்.

5

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ராத்திரி அம்மாவை உள்ளே கொண்டுபோகக் காசு கேட்டது டாக்டர் அல்ல. வார்டு ஆயா. அவளும் நம்மவள்தான். இரண்டு ஊர் தள்ளி இருக்கிற காலனிக்காரி. ரத்தத்தையும் பீயையும் அள்ளுகிற வேலை யாருக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத் தோட்டி வேலை, இன்றைக்குக் காண்ட்ராக்ட் வேலை. சம்பளம் கைக்கு வருவதற்குள் மாதம் திரும்பிவிடும். ஆண்பிள்ளை பிறந்தால் இவ்வளவு, பொட்டப்பிள்ளை பிறந்தால் இவ்வளவு என்று அவள் கேட்கிற காசைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதும். சொன்னால் சொன்னபடி உள்ளே வந்து பார்க்காத டாக்டரைப் பற்றி எழுதாது. ஏனென்றால் அது லஞ்சம் அல்ல, 'பணிச்சுமை'.

அதற்காக அவளை நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்க நைனா இடுப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். மேலே இருப்பவன் தொடாமலே வேலை முடிக்கவும், கீழே இருப்பவள் தொட்டே கெட்ட பெயர் வாங்கவும் செய்கிற ஏற்பாடு அது. எங்க ஆயாவுக்கும் அந்த ஆயாவுக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன்.

6

இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்க் கம்பெனி வந்தது. பிறகு செல்போன் வந்தது, போனது, மறுபடி வேறு பெயரில் வந்தது. எங்கள் பெண்களும், தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பெண்களும் காண்ட்ராக்டில் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 250க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி பேதி. 159 பேர் ஆஸ்பத்திரியில். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூட இருந்தவர்களுக்குச் சரியான பதில் இல்லை. செத்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. அந்தப் பெண்கள் டிசம்பர் 17 ராத்திரி சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. சாவு எதுவும் நடக்கவில்லை, வதந்தி என்றார்கள். சரி, வதந்திதான். ஆனால் அவர்கள் கேட்டது கூலி உயர்வு அல்ல. எங்க ஆளைக் காட்டு என்றார்கள். நம் வரலாற்றில் அந்தச் சொல் திரும்பி நின்ற இடமாக எனக்கு அது தெரிகிறது. காட்டியே பழகியவர்கள், நீ காட்டு என்று ரோட்டில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அதே வருசம் மே 4 ராத்திரி, கொரோனா உச்சத்தில், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் செத்தார்கள். ஆக்சிஜன் குறைந்தது என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடு இல்லை என்றார்கள் அதிகாரிகள். பதிவேட்டில் எந்த வரி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

2024 ஆகஸ்ட் 17 அன்று எங்கள் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் பெண் தொழிலாளர் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். 18,720 படுக்கை. ரோட்டில் உட்கார்ந்தவர்களால்தான் அது வந்தது என்று நான் நம்புகிறேன். வரவேற்கிறேன். படுக்கை என்ற சொல்லைக் கேட்டதும் எங்க அம்மா, "ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். இல்லம்மா, தூங்கறதுக்கு என்றேன். இங்கே பெரிய வியாதி என்றால் இன்றும் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ பெரியாஸ்பத்திரிக்கோதான் ஓடுகிறோம். பெரியாஸ்பத்திரிக்கு 2011இல் ராஜீவ் காந்தி பெயர் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செத்தவரின் பெயர் அங்கே வாசலில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போகிறவனுக்கு வராந்தாவில் இடம் கிடைத்தால் சரி.

என் தங்கை மகள் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட். போன வருசம் கையில் சுட்டுவிட்டது. கம்பெனி வேனிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார். சூப்பர்வைசர் பதில் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அதற்கும் சூப்பர்வைசர்தான் பதில் சொன்னார். பைல் அவர் கையிலேயே இருந்தது. வீட்டில் தண்ணீர் காயவைத்தபோது பட்டது என்று அதில் எழுதியிருந்ததை அவள் பத்து நாள் கழித்துத்தான் பார்த்தாள்.

எங்க அம்மாவின் சீட்டை நான் தொலைத்துவிட்டேன். இவளுடையதைத் தொலைக்க விடவில்லை. அந்தத் தேதி, எந்த வேலையில் எந்த ஷிப்டில் சுட்டது, வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு பேர் கையெழுத்து வாங்கினேன். இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பதால் அது இலவசம் ஆகாது, அங்கே சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2007இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை அவளுக்கும் அவள் கூட இருக்கிற பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். அன்றைக்கு வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரிடமும் ஒரு கதை இருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் தங்கள் ஊரில் இதைச் செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எழுதி முடித்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப நம்ம கதையையும் எழுது" என்றாள். பெயர் எழுதின அம்மா என்ன கலர் புடவை கட்டியிருந்தாள் என்பது முதற்கொண்டு சொன்னாள். எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று கேட்டேன்.

"வெளக்கு வெக்கிற நேரம்" என்றாள். "லேட்டு இல்ல. அத்த மொதல்ல எழுது."